அடுப்படி உருது

அர்ஃபானுக்குப் புத்தி பிசகியது ஒரு பிரியாணித் தட்டுக்கு முன்னால்.

பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை உருதுச் சங்கத்தின் விருந்து. பிழைக்க வந்த இந்தத் தீவில், ஈஸ்ட் கோஸ்ட் பக்கத்தில் ஒரு காண்டோ அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தை எடுத்திருந்தார்கள். சங்கத் தலைவர் அதீஃப் சாஹிப் லக்னோக்காரர். வங்கியில் பெரிய வேலை. பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் பட்டுத்துணியில் சுற்றித் தருவதாக நினைப்பு. அவரே கரண்டியும் கையுமாக வந்து, அர்ஃபானுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கக் குனிந்தார். அர்ஃபான் தட்டின்மேல் கையை விரித்து, "நக்கோ சாஹிப், நக்கோ" என்றான்.

வேண்டாம் என்று அர்த்தம். வாணியம்பாடியில் பிறந்த உருதுக்காரன் வேறு எப்படிச் சொல்வான்? அந்த ஊரில் பல் முளைப்பதற்கு முன்பே பிள்ளைகள் நக்கோ சொல்லிவிடும். ஆனால் அதீஃப் சாஹிப் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீர்களா? நக்கோவாம்!" என்று மூக்கால் இழுத்துச் சொல்லிக் காட்டினார். கூடமே சிரித்தது. வயிறு நிறைந்தவர்களின் கொழுப்புச் சிரிப்பு.

சூடு சொரணை உள்ளவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பான். அர்ஃபான் என்ன செய்தான்? அவர்களோடு சேர்ந்து சிரித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நுஸ்ரத்துக்குக் கூசிப்போய்விட்டது. அதோடு விட்டானா? தெம்பனிஸில் இருக்கும் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள் மேல் பாய்ந்தான்.

"இனிமே இந்த வீட்ல நக்கோ, ஹௌ, கைக்கூன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. சுத்தமான உருதுதான். புரியுதா?"

"சொன்னது நீங்க. சிரிச்சது அவரு. நடுவுல நான் என்னாங்க பண்ணேன்?" என்று கேட்டாள் நுஸ்ரத்.

"உன்கிட்ட பேசிப் பேசித்தான் எனக்கு அந்த வாடை போகல."

எப்படி இருக்கிறது கதை! வாணியம்பாடியில் இவன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இரண்டு சந்துதான். இவனுக்கு மட்டும் வாடை அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டதாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் வீட்டுக்குள் பேசியதெல்லாம் உருதுதான். தெருவில் தமிழ், வீட்டில் உருது என்று பல தலைமுறையாக இருக்கிற சனம். அவர்களுடைய வாணியம்பாடி உருதை நாம் நம் வீட்டுப் பேச்சாகக் கேட்டுக்கொள்வோம். சங்கத்து உருதை மேடைத் தமிழாகக் கேட்டுக்கொள்வோம். வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாம் வீட்டில் 'தாங்கள் உணவருந்தினீர்களா' என்று கேட்பதில்லை. கேட்டால் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். நுஸ்ரத் படித்ததும் உருதுப் பள்ளிக்கூடத்தில்தான். புத்தக உருது அவளுக்குத் தெரியாததல்ல. புத்தகத்தில் இருப்பதைக் குழம்பு கொதிக்கும்போது பேசுவது கிறுக்குத்தனம் என்றும் தெரியும், அவ்வளவுதான்.

அர்ஃபானுக்கு அது தெரியவில்லை. மறுநாளே கைப்பேசியில் உருது உச்சரிப்புப் பாடம் போட்டுக்கொண்டு குளியலறையில் நின்று காறத் தொடங்கினான். உருதில் ககரத்துக்கு உறவாக இரண்டு ஓசைகள் உண்டு. ஒன்று சளியைக் காறுவதுபோல் உரசி வரும். இன்னொன்று தொண்டையின் அடியில் அடைத்துக்கொண்டு வரும். வாணியம்பாடிக்காரர்கள் இரண்டையும் காறித்தான் சொல்வார்கள். அது தப்பு என்று யாரோ சொன்னார்கள். உடனே இவன் என்ன செய்தான் தெரியுமா? எல்லாக் காறலையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் அடைக்கத் தொடங்கினான். நம்மில் சிலர் ழகரம் வராது என்று யாரோ கேலி செய்ததும், பள்ளியைப் 'பழ்ழி' என்றும் வெள்ளியை 'வெழ்ழி' என்றும் ஆக்கி, இருந்த ளகரத்தையும் தொலைத்துவிட்டு நிற்பார்களே, அந்த ரகம். இறைவனுக்கு உருதில் காறல் ஓசையோடு ஒரு சொல் உண்டு. இவன் அதையும் அடைத்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, எலும்பு சிக்கியவன் மாதிரி இறைவனைத் தொண்டைக்குள் இழுத்துச் சொல்லிவிட்டுப் போனான். சங்கத்திலும் அப்படித்தான் சொன்னானாம். அங்கே யாரும் திருத்தவில்லை. அவர்களுக்கு ஓசியில் கூத்து கிடைக்கிறது, கெடுத்துக்கொள்வார்களா?

இதெல்லாம் அவனோடு போயிருந்தால் நுஸ்ரத் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். தோசையை வைத்தால், "நோஷ் ஃபர்மாயியே, உண்டருளுங்கள் என்று சொல்ல வேண்டும்" என்பான். சரி, கிறுக்கன், தின்றுவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள். அவள் பயந்தது ருமைசா விஷயத்தில்தான்.

ருமைசா ஒரே மகள். உயர்நிலை இரண்டு படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். பள்ளியில் தாய்மொழிப் பாடம் உருது. அதற்குச் சனிக்கிழமை தனி வகுப்பு. ஆகவே தமிழ் அவளுக்குத் தேக்கா கடைத்தெருவில் காதில் விழும் சத்தம், அதற்கு மேல் இல்லை. நுஸ்ரத் தேக்காவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். பகல் முழுக்கத் தமிழில் வாயாடுவாள். ஆங்கிலமோ கடை ஆங்கிலம். 'திஸ் ஒன் பியூர் சில்க், வாஷ் கேன்னாட்' வரைக்கும் போகும். வளர்ந்த பெண்ணின் மனசுக்குள் போகாது. ஆக, அந்தத் தாயும் மகளும் பேசிக்கொள்வதற்கு உலகத்தில் அவர்களிடம் இருந்தது வாணியம்பாடிப் பேச்சு ஒன்றுதான்.

அதிலேயே என்ன பேச்சு பேசினார்கள்! பள்ளி விட்டதும் ருமைசா சில நாள் கடைக்கு வந்துவிடுவாள். இருவருமாக டவுன்டவுன் லைன் ரயில் ஏறித் தெம்பனிஸ் போகும்வரை வாய் ஓயாது. எவள் எவனைப் பார்த்து வழிகிறாள், எந்த டீச்சர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள், எதிரே உட்கார்ந்திருக்கும் மாமாவின் தலைமுடி சொந்தமா வாங்கினதா, எல்லாம் உரக்கவே பேசுவார்கள். ரயில் பெட்டி முழுக்க ஆள் இருந்தும் ஒருவருக்கும் புரியாது. நுஸ்ரத்துக்கு அந்த ரயில்தான் அவள் வாழ்க்கையிலேயே சொந்த வீடு.

இந்த லட்சணத்தில் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு, 'என் தாயின் மொழி'. ருமைசாவைப் பேச வைப்பது என்று அர்ஃபான் முடிவு கட்டினான். பரிசு வாங்கிவிட்டால் தன்னைச் செயற்குழுவில் போடுவார்கள் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. அதீஃப் சாஹிபின் மனைவியே பயிற்சி தருவதாகச் சொல்லியிருந்தார். வாரா வாரம் அந்தக் காண்டோவுக்கு மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கீழே நீச்சல் குளத்து நாற்காலியில் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்து கூட்டி வருவான்.

அந்த அம்மாள் என்ன சொல்லிக் கொடுத்தாரோ, ருமைசா கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். முதலில் தாயைத் திருத்தினாள்.

"அம்மி, ஆமாம்னா ஹௌ இல்ல, ஹாஞ்ஜி."

"சரிடி, பெரிய மனுஷி. தட்ட எடுத்து வை."

பிறகு சிரித்தாள். நுஸ்ரத் ஊருக்குப் போன் பேசினால் சோபாவில் கிடந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு நாள் ரயிலில் நுஸ்ரத் வழக்கம்போல எதிர் இருக்கைக்காரரைப் பற்றி ஏதோ ஆரம்பிக்க, ருமைசா காதில் எதையோ மாட்டிக்கொண்டு, "மெல்ல பேசேன் அம்மி, அசிங்கமா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து கடைக்கு வருவது குறைந்தது. அப்பாவோடு ஆங்கிலத்தில் பேசுவாள். சங்கத்து ஆட்களோடு மேடை உருதில் பேசுவாள். தாயோடு பேசப் பேச்சு இல்லாமல் போயிற்று.

நுஸ்ரத் கடையில் கூட வேலை செய்யும் லட்சுமியிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

"எல்லா வூட்லயும் இதே கூத்துதான்க்கா" என்றாள் லட்சுமி, புடவை மடித்தபடியே. "என் பெரியவன் என்கிட்ட வாரத்துக்கு நாலு வார்த்த பேசுனா பெருசு. அதுல ரெண்டு 'வாட்ஸ் ஃபார் டின்னர்'லா."

"உன் மவன் பேசாம இருக்கான். என் மவ என் வாயையில்ல மூடச் சொல்றா."

"போட்டி முடிஞ்சா சரியாப் போயிரும். வுடுங்க."

விழா தெம்பனிஸ் சமூக மன்றத்தில் நடந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வாசலில் 'உருது வாழ்க' என்று ஒரு பேனர், ஆங்கில எழுத்தில். உள்ளே ஷெர்வானிகள் என்ன, அத்தர் என்ன, ஒருவரையொருவர் குனிந்து குனிந்து வரவேற்பது என்ன! குனிந்து நிமிர்ந்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஸிட் ப்ராப்பர்லி, டோன்ட் ரன்" என்று அதட்டுவார்கள். மொழியைக் காக்க வந்த குடும்பங்களின் வாரிசுகள் பின்வரிசையில் கைப்பேசியும் கையுமாக ஆங்கிலத்தில் வெட்டி முறித்துக்கொண்டிருந்தன. அதீஃப் சாஹிபின் மகன் ஃபஹத், காலேஜ் போகிற பையன், நுழைவாசலில் நின்றிருந்தான். நுஸ்ரத் சலாம் சொல்லி, எங்கே உட்காருவது என்று உருதில் கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்துவிட்டு உள்ளே பார்த்து, "டாட், தி ஆன்ட்டி இஸ் ஆஸ்கிங் சம்திங்" என்றான். நக்கோவுக்குச் சிரித்த மனுஷன் பெற்ற பிள்ளையின் இலட்சணம் இது. அதீஃப் சாஹிப் வந்து நெஞ்சில் கைவைத்து, "வருக, வருக" என்று கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார். முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை.

நாலைந்து பிள்ளைகள் வந்து மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுப் போயின. ஒன்று பாதியில் மறந்து அழுதது. பிறகு ருமைசா வந்தாள். வெள்ளைக் கமீஸ், தலையில் பச்சைத் துப்பட்டா. நுஸ்ரத் இருக்கை நுனிக்கு நகர்ந்தாள். ஆயிரம் கோபம் இருந்தாலும் பெற்ற வயிறு. பிள்ளை தடுமாறிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் ஓதிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை தடுமாறவில்லை.

"அவையோர்களே! மொழி ஒரு நந்தவனம் என்பர் சான்றோர். நான் நந்தவனத்தில் பிறக்கவில்லை. நான் பிறந்த இல்லத்தில், அடுப்பின்மீது வேறொரு மொழி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர், அடுப்படி உருது."

கூடம் கலகலத்தது. ருமைசா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நிதானமாகக் காத்திருந்தாள். அந்த நிதானத்தைப் பார்த்ததும் நுஸ்ரத்துக்குப் புரிந்துவிட்டது, இன்னும் வரப்போகிறது என்று.

துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள் ருமைசா. நுஸ்ரத் வீட்டில் சொருகுகிற மாதிரியே. "என் அன்னை சந்தையில்" என்று அறிவித்துவிட்டு, மீன்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி நக்கோ நக்கோ என்றாள். சிரிப்பு. "என் அன்னை பல் மருத்துவரிடம்" என்றாள். வாயைப் பிளந்தபடியே நக்கோ என்று குழறினாள். இன்னும் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அர்ஃபான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பெண்டாட்டியை மேடையில் வைத்து உரிக்கிறார்கள், இவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலிருப்பவரிடம், "என் மகள், என் மகள்" என்று வேறு.

"என் அன்னை தொலைபேசியில்" என்றாள் ருமைசா.

கையைக் காதருகே வைத்துக்கொண்டாள். முகத்தைச் சுருக்கினாள். "நக்கோ பாவா… நக்கோ ஜாவ்… நக்கோ… நக்கோ…" என்று ஏறி ஏறி, கடைசி நக்கோவை ஓர் ஊளைபோல் இழுத்து விட்டாள்.

கூடம் வெடித்தது. விசில் அடித்தார்கள்.

நுஸ்ரத் உட்கார்ந்திருந்த இடத்திலேயே செத்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பாவா என்றால் அவர்களுக்கு அப்பா. கொரோனாக் காலத்தில், விமானங்கள் நின்றுபோயிருந்தபோது, வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவுக்கு மூச்சு நின்றது. தம்பி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். போகாதே பாவா, போகாதே என்று இந்தத் தெம்பனிஸ் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் கத்தியது அது. அன்றைக்கு ருமைசா சின்னப்பெண். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு அழுதாள் என்பது மறந்துவிட்டதா, மறக்காமலேதான் எடுத்தாளா, அது அவளுக்கும் அல்லாவுக்கும்தான் வெளிச்சம். ராகம் மட்டும் துளி பிசகவில்லை.

"இப்பேர்ப்பட்ட அடுப்படியிலிருந்து என் மொழியை மீட்டெடுத்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன்" என்று முடித்தாள் மகள். எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் பரிசு வேறு யாருக்குப் போகும்? அதீஃப் சாஹிபின் மனைவி நுஸ்ரத்திடம் வந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தாங்கள் கொடுத்துவைத்தவர்" என்றார். அந்தக் கைகளை உதறக்கூட நுஸ்ரத்துக்குத் தெம்பில்லை. அந்த அம்மாளுக்குக் கண்ணில் ஈரம் வேறு, மொழிப்பற்றில்.

வீடு நடக்கிற தூரம்தான். அர்ஃபான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் வாங்கினது மாதிரி ஒரு நடை. வீட்டுக்குள் நுழைந்ததும் ருமைசா துப்பட்டாவை வீசிவிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தில், பழைய பேச்சிலேயே கூவினாள்.

"அம்மி, பசி உயிர் போவுது! என்னா இருக்கு?"

எத்தனை நாளாயிற்று அவள் வாயில் அந்தப் பேச்சைக் கேட்டு! வேறு நாளாக இருந்திருந்தால் நுஸ்ரத் உருகியிருப்பாள். அன்று அவள் திரும்பி, மகளை ஏற இறங்கப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்த உருதை அப்படியே எடுத்து வைத்தாள்.

"ஆப் தஷ்ரீஃப் ரக்கியே. தாங்கள் அமருங்கள். உணவு இதோ வருகிறது."

லக்னோவில் பெற்ற பிள்ளையையும் 'ஆப்' என்பார்களாம். நீங்கள், தாங்கள் என்பதுபோல. அது அவர்கள் வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். வாணியம்பாடியில் சம்பந்தி வீட்டாருக்கும் தாசில்தாருக்கும்தான் ஆப். பிள்ளைகளுக்கு நீ, வாடி, போடி. மகளை ஒரு தாய் ஆப் என்றால், நீ எனக்கு யாரோ என்று அர்த்தம்.

அர்ஃபான் குதித்தான். "வாஹ்! பாத்தியா ருமைசா? உன் பேச்சு உன் அம்மாவையே மாத்திடுச்சு!" என்று இறைவனுக்குத் தொண்டையை அடைத்து நன்றி சொன்னான். அந்த மண்டைக்குள் வேறு என்ன ஏறும்?

ருமைசா முதலில் சிரித்தாள். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தாள். மறுநாளும் ஆப். அதற்கு மறுநாளும் ஆப். "தாங்கள் பள்ளிக்குப் புறப்படுகிறீர்களா?" "தங்களின் சீருடை தேய்க்கப்பட்டுவிட்டது." கோபம் இல்லை, அதட்டல் இல்லை, விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. ஒரு வாரத்தில் ருமைசாவின் முகம் விழுந்துவிட்டது. அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மி, சும்மா ஜோக்குக்குத்தானே பேசினேன்? பயிற்சி குடுத்த ஆன்ட்டிதான் அப்படிப் பேசினா எல்லாரும் சிரிப்பாங்கன்னு சொன்னாங்க. போதும்மி. திட்டணும்னா திட்டிரு."

"தங்களின் உரை மிகச் சிறப்பாக அமைந்திருந்தது" என்றாள் நுஸ்ரத். வெங்காயம் நறுக்கும் கை நிற்கவே இல்லை.

பெண்ணின் கண்ணில் தண்ணீர் தளும்பியதைப் பார்த்தாள். பார்த்து, உள்ளுக்குள் இனித்தது அவளுக்கு. ஆமாம், இனித்தது. படட்டும் கழுதை, என்று நினைத்தாள். கூடம் முழுக்கச் சிரித்ததே, அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

லட்சுமியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் பில் போடுவதை நிறுத்திவிட்டு முறைத்தாள்.

"பெத்த பொண்ணுகிட்ட என்னக்கா வீம்பு? பளார்னு ரெண்டு வச்சுட்டு இழுத்துக் கட்டிப் பிடிச்சுக்க வேண்டியதுதானே லா?"

"நீ அன்னிக்கு அங்க இல்லடி."

"இல்லதான். ஆனா நாளைக்கு அவ பேசாமப் போயிட்டா நீங்கதான் ஒக்காந்து அழுவீங்க."

"போவட்டும். சங்கத்துக்குப் போவட்டும். அங்க நந்தவனம் இருக்கு" என்றாள் நுஸ்ரத். ஒவ்வொரு நாளும் ரயிலில் தனியாக உட்கார்ந்து போகும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஆயிரம் இருந்தது. நாளைக்கு விட்டுவிடலாம், நாளைக்கு வாடி என்று கூப்பிட்டுவிடலாம் என்று தினமும் நினைப்பாள். வீட்டுக்கு வந்து, வரவேற்பறை அலமாரியில் அர்ஃபான் வைத்திருக்கும் அந்தக் கோப்பையைப் பார்த்ததும் மனசு இறுகிப்போகும்.

அர்ஃபானுக்கோ பொற்காலம். செயற்குழுவில் போட்டுவிட்டார்கள், நாற்காலி அடுக்குகிற துணைக்குழுவில். "எங்கள் வீட்டில் இப்போது ஆப் தவிர வேறு பேச்சே இல்லை" என்று போகிற இடமெல்லாம் அளந்தான். உருதைக் காத்த முன்மாதிரிக் குடும்பம் என்று அதீஃப் சாஹிப் ஒரு கூட்டத்தில் பெயரைச் சொன்னாராம். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றுவிட்டு எழுந்து போகும் முன்மாதிரிக் குடும்பம்.

ஒரு வியாழக்கிழமை நுஸ்ரத்துக்குக் கடை விடுமுறை. சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ருமைசா பள்ளியிலிருந்து வந்தாள். பையை இறக்கவில்லை. காலுறையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. முகம் சிவந்து, உதடு துடித்தது. பள்ளியில் என்னவோ நடந்திருக்கிறது. பார்த்தாலே தெரிந்தது.

"அம்மி…" என்றாள். பழைய குரல். சின்ன வயசில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருவாளே, அந்தக் குரல். "அம்மி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

என்னாடி ஆச்சு, இங்க வா, யாரு என்னா பண்ணா, என்று எல்லாமே நுஸ்ரத்துக்கு வாய்வரைக்கும் வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். இத்தனை நாள் பழக்கிய நாக்கு, பாழாய்ப்போன நாக்கு, அது முந்திக்கொண்டது.

"ஃபர்மாயியே" என்றாள். சொல்லியருளுங்கள்.

ருமைசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு துடிப்பது நின்றது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நத்திங், மம்மி. இட்ஸ் ஓகே."

மம்மி! பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நுஸ்ரத் எழுந்திருப்பதற்குள் அறைக்கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.

நுஸ்ரத் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "ஏ ருமைசா! என்னாடி ஆச்சு? கதவத் தொறடி. யாரு என்னா சொன்னா? அம்மிகிட்ட சொல்லுடி கண்ணு…" ஆப் எங்கே போயிற்றோ, தஷ்ரீஃப் எங்கே போயிற்றோ, வாணியம்பாடிச் சந்தில் நின்று கத்துவதுபோல் கத்தினாள். கதவு திறக்கவில்லை.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. யாருக்கோ போன் போட்டிருக்கிறாள். நுஸ்ரத் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவில் காதை வைத்தாள். ருமைசா அழுதுகொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நடந்தது எல்லாவற்றையும் யாரிடமோ கொட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஆங்கிலத்தில். மடமடவென்று, நிறுத்தாமல். நடுவில் ஒரு 'ஷீ', ஒரு 'அண்ட் தென்', ஒரு 'எவ்ரிபடி' நுஸ்ரத்தின் காதில் பிடிபட்டன. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. இன்னும் அழுத்திக் காதை வைத்துக் கேட்டாள். மகளுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குக் கடைசிவரை புரியவே இல்லை.